அண்ணாவின் முதுகு தேய்க்கும் பீர்க்கங்காய்

அண்ணா, நீ முதுகு தேய்க்கவென்று வேலியில் முற்றவிட்ட பீர்க்கங்காயை நாங்கள் தின்றுவிட்டோம்.

அது நன்றாகக் காய்ந்ததும் தோலை உரித்து, அந்த நாரை உன் ஞாபகமாக நானே வைத்திருக்க நினைத்திருந்தேன். உன்னை அடக்கம் செய்த மறுநாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு மாமிதான் சோறும் கறியும் கொண்டுவந்தார். முதல் வாயிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மெல்லும்தோறும் நார்தான் வந்தது. அம்மாவும் அப்பாவும் மாமிக்காகத் தலையைக் குனிந்து மென்றுகொண்டிருந்தார்கள்.

"மாமி, இது வேலியில கிடந்த காயோ? அண்ணா உடம்பில மீன் வெடில் நாத்தம் போகத் தேய்க்கிறதுக்கு விட்டது."

மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஐயோ பிள்ளை, எனக்குத் தெரியாதே. எல்லாரும் துப்புங்கோ."

"துப்பாதேங்கோ," என்றார் அப்பா, வாய் நிறைய நாரோடு. "உயிரோட இருக்கேக்க ஒருத்தரையும் தொட விட்டானே? இண்டைக்கெண்டாலும் ருசி பாப்பம்."

எல்லோருடைய சோற்றுக் கோப்பையிலும் மிஞ்சிய நாரைப் பொறுக்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். ஒரு பிடிதான் தேறியது. அதைத் தேய்த்துத்தான் குளிக்கிறேன். எவ்வளவு கழுவியும் கறிமணம் போகவில்லை, உடம்பெல்லாம் மஞ்சள்.

இதை வாசிக்கிற எல்லோரும் எங்கள் அண்ணாவுக்காக ஒருமுறை ஆண்டவரிடம் மன்றாடுங்கள்.