தாத்தா கேட்டு வாங்கிய ஒப்பாரி

எங்கள் தாத்தா தன்னுடைய ஒப்பாரியைத் தானே கேட்டுவிட வேண்டும் என்று அடம்பிடித்தபோது நான் ஆறாம் வகுப்பு. மீன்சுருட்டிப் பக்கம் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் முதலில் கூப்பிடுவது அவருடைய மகளான என் அத்தையைத்தான். அவள் வாயைத் திறந்தால் செத்தவனோடு பத்து வருடம் பேசாத பங்காளிகூட அழுதுவிடுவான். அந்த அத்தை பனியன் கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“நான் போற அன்னிக்கு நீ பஸ்ஸப் புடிச்சு வந்து சேர்றதுக்குள்ள என்னைத் தூக்கிருவானுவ. இப்பவே பாடிட்டுப் போயிரு” என்றார் தாத்தா.

“உசுரோட இருக்கிற மனுசனுக்கு யாராச்சும் ஒப்பாரி வெப்பாங்களாப்பா?”

“செத்தப்புறம் பாடுனா எனக்கு எப்படிக் கேக்கும்? காதுலதான் பஞ்ச வெச்சு அடைச்சிருவீங்களே!”

வீட்டுக்குள் ஒப்பாரி கூடவே கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். முந்திரித் தோப்பில் பாடலாம், அத்தை போன பிறகும் கேட்கும்படி கேசட்டில் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எதில் பிடிப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வீட்டு ரேடியோவைக் கழற்றி மாட்டியதில் மூன்று ஸ்க்ரூவை மிச்சம் பிடித்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

வீட்டிலிருந்த டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர் நன்றாகப் பதியும். ஆனால் தோப்பில் கரண்ட் கிடையாது. கட்டைச் செல்களைப் போட்டால் அதைத் தூக்கவே ஆள் பிடிக்க வேண்டும். மைக்செட்காரர் டிராக்டர் பேட்டரியில் ஓட்டித் தருவதாகச் சொன்னார். மைக்கைக் கண்டால் அத்தைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கடைசியில், ரெட்டிபாளையம் சிமெண்ட் பேக்டரியில் வேலை பார்த்த என் தாய்மாமாவின் சின்ன ரெக்கார்டரைத் தேர்ந்தெடுத்தேன். கையடக்கம், மைக் உள்ளேயே இருந்தது, பென்சில் செல்லில் ஓடும். தேர்வில் ஒரு குறையும் இல்லை, செல்தான் இல்லை. கடிகாரத்திலும் டார்ச்சிலும் ஓய்ந்துபோன செல்களைப் பிடுங்கி, லேசாகக் கடித்து, வெயிலில் காயவைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. விஞ்ஞானி என்ற நினைப்பில் நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

சாயங்காலம் தாத்தா மரத்தடியில் துண்டை விரித்து, கைகளை மார்பில் கோத்துக்கொண்டு, பிணமாக நீட்டிப் படுத்தார். அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

“முந்திரி பழுத்திருக்க, முப்போகம் வெளஞ்சிருக்க, எங்க போனீங்க என்னப் பெத்த அப்பா…”

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. “முப்போகமா? மானாவாரிக் காடு தாயி அது. கேக்குறவன் சிரிப்பான்.”

“செத்த மனுசன் வாய மூடிக்கிட்டு இருங்கப்பா!”

“சரி, என் செவலக் காளையச் சேத்துக்க. ஒங்க சித்தப்பன் பேரு மட்டும் வரக் கூடாது.”

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு காளையைச் சேர்த்தாள். அப்புறம் யாரும் கேட்காமலே ஒன்று பாடினாள். “திருப்பூரு போன மக திரும்பி வரும் நாளையில, வாசல்ல நிப்பீங்களா என்னப் பெத்த அப்பா…” அதற்குப் பிணம் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா புதுச் செல் போட்டு ஓடவிட்டார். அத்தையின் குரலில் ஓர் அணில் கீச்கீச்சென்று ஒப்பாரி வைத்தது. இன்னோர் அணில் மானாவாரி என்று அதட்டியது.

“சாகக் கெடந்த செல்லுல டேப்பு ஊர்ந்துருக்குடா. புதுச் செல்லுல ஓடுது” என்று மாமா என் தலையில் குட்டினார்.

தாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னொருக்கா போடு, இன்னொருக்கா போடு!” அத்தைக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அவளுக்குக் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் பஸ். மூட்டைகளெல்லாம் கட்டி வாசலில் இருந்தன. என் ரெக்கார்டிங் வீணாய்ப் போனதில்தான் இப்படி அழுகிறாள் என்று நினைத்து எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், “அழுவாதீங்க அத்தை. அடுத்த தடவ தாத்தாவுக்கு நீங்க பாடுறப்ப புதுச் செல்லு போட்டு நல்லா புடிச்சிரலாம்” என்று தேற்றினேன்.

இவ்வளவு அக்கறையாகப் பேசிய பிள்ளையை அம்மா எதற்காகத் தொடையில் கிள்ளி வெளியே இழுத்துக்கொண்டு போனாள் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.