நான் இளைக்கவில்லை

என்னைப் பற்றி எழுதிய கவிதையை நாற்பது ஐம்பது பேர் நடுவில் உட்கார்ந்து நானே கேட்க நேர்ந்தது. ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில், சைக்கிள் கடை மாடியில் இருந்த எங்கள் படிப்பகம்.

நான் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். அம்மா இல்லை. அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். கவிதை எழுதியவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தா. காலையில் அவர் வடக்கே போவார், நான் தெற்கே. மாலையில் இரண்டு வண்டிகளும் ராயபுரத்தில் எங்களை இறக்கிவிடும். பிளாட்பாரத்தில் நின்று பேசுவோம். பெரும்பாலும் கவிதையைப் பற்றித்தான். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு ஊருக்குப் போனவர் மாமன் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். எனக்குக் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது.

அழுதேன். அதை நான் மறைத்ததில்லை. ஒருநாள் ஆபீசில் தட்டச்சு செய்த தாள் முழுவதும் பிழையாகி, திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. ஆனால் வேலைக்குப் போனேன், மீன் வாங்கினேன், குழம்பு வைத்தேன், சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்துப் படிப்பகத்தில் ஒரு கூட்டம். காதலையும் பிரிவையும் புலவர்கள் எப்படிப் பாடினார்கள் என்பது தலைப்பு. பெண்கள் நாங்கள் மூன்று பேர், சுவரோரம். செயலாளர் பேசி முடித்ததும், என்னோடு பிளாட்பாரத்தில் பேசிய அவர் எழுந்து, படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் தாம் எழுதியிருந்த கவிதையைப் படித்தார். அதில் ராயபுரம் ஸ்டேஷனில் நீலப் புடவை கட்டிய ஒருத்தி தினமும் காத்து நிற்கிறாள். உடல் இளைக்கிறது, வளை கழல்கிறது, கண்ணீர் நிற்பதில்லை. கடைசியில் கடலுக்குள் நடந்து போகிறாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பிறகு ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. அன்றும் நான் நீலப் புடவையில்தான் இருந்தேன்.

ஒப்பிடுவதற்குத்தானே கூட்டம், நானும் ஒப்பிடுகிறேன் என்று எழுந்தேன். பழைய அகப்பாடல்களில் தலைவியின் பெயரையோ அடையாளத்தையோ சொல்லமாட்டார்கள்; ஊரார் விரல் நீட்ட இடம் இருக்காது. அவள் தானே பேசுவாள், வேறொருத்தி வீட்டிலிருந்து வருகிறவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பாள். பக்திப் பாடல்களில் பெண்குரல் தன் ஆசையைக் கடவுளிடமே கூசாமல் சொல்லும். எங்கள் எதிர்வீட்டு கிராமபோனில் ஓடும் உருதுப் பாட்டுகளுக்கு அந்த வீட்டுத் தோழி எனக்கு அர்த்தம் சொல்வாள். அங்கே உருகுவதும் கெஞ்சுவதும் ஆண். இதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்தக் கவிதையில் மட்டும் அவள் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டேன்.

அதுவரை மேடைத் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். கோபம் வந்ததும் எங்கள் தெருப் பேச்சு வந்துவிட்டது.

"நான் எளைக்கல. நல்லாத்தான் கீறேன். ஆசப்பட்டது அவரு மட்டும் இல்ல, நானும்தான். அத எழுதியிருந்தா நானே கைதட்டியிருப்பேன்."

பேச்சைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். ஆசை என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோனது. செயலாளர் மணியை அடித்தார். இனிப் பெண்கள் கூட்டத்துக்கு வருவது நல்லதல்ல என்று அங்கேயே அறிவித்தார்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டது. அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினேன் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன்.

"இனிமே வராதேன்னு சொல்றாங்களே. இன்னா செய்யப்போற?"

"போவேன், நைனா."

"சரி. வா, துன்னலாம்."

அடுத்த ஞாயிறும் போனேன். நான் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். கால் நீட்டி உட்கார்ந்து பேப்பர் முழுவதையும் படித்தேன். செயலாளர் இரண்டு முறை வந்து நின்றார். படிப்பகச் சந்தா என் பேரிலும் இருக்கிறது என்றேன். போய்விட்டார். அதன் பிறகும் போனேன். மற்ற இரு பெண்களும் மறுபடி வரச் சில மாதங்கள் ஆயின.

கூட்டம் நடந்த வாரமே ஸ்டேஷனில் கவிதை படித்தவர் என்னை நிறுத்தினார். முகம் வாடியிருந்தது. அந்தக் கவிதை என்னைப் பற்றியதல்ல, பிரிந்த எல்லாப் பெண்களையும் பற்றியது என்றார். பிறகு குரல் இறங்கி, "எனக்கும் வலிக்காதுன்னா நினைக்கிறே?" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அது எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் மனம் இளகத்தான் செய்தது.

"அப்ப அத எழுதுங்க. உங்க அழுகைய உங்க கண்ணுல வச்சு எழுதுங்க. என் கண்ண ஏன் எடுத்துக்கறீங்க?"

அவர் மேம்பாலப் படியேறிப் போனார். எனக்குத் தெரிந்து அப்படியொரு கவிதை அவர் எழுதவில்லை. நான் எழுதினேன். பிளாட்பாரத்தில் ஒருவருக்காகக் காத்து நின்றபோது என் உடம்பு எப்படிச் சிலிர்த்தது என்று எழுதி, அடியில் என் பேரையே போட்டேன். கையெழுத்துப் பத்திரிகையில் இடமில்லை என்றார்கள். ஆபீஸ் மெஷினில் தமிழ் எழுத்து இல்லை; கார்பன் தாள் வைத்துக் கையால் நாலு பிரதி எழுதி, படிப்பக மேஜையில் ஒன்றை வைத்தேன். கிழித்தார்கள். இரண்டாவதை வைத்தேன்.