ரிஜெக்ட் அக்காவின் முதலுதவிப் பை

அந்தத் தையல் ஆலையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. காலர் தைக்கிறவள் காலர், பட்டன் வைக்கிறவள் பட்டன், கடைசி மேஜையில் இஸ்திரி போடுகிறவள் இஸ்திரி. அந்தக் கணக்கில் செக்கிங் மேஜையில் நிற்கிற அக்காவுக்குச் செக்கிங் என்றுதான் பெயர் வந்திருக்க வேண்டும். வந்த பெயர் ரிஜெக்ட். முகத்துக்கு நேரே 'அக்கா'. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், "ரிஜெக்ட் வருது, ரிஜெக்ட் வருது." அக்காவுக்கு இது தெரியும். அத்தனை மெஷின் சத்தத்திலும் அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அவர் வேலை செய்கிற விதம் அப்படி. ஒரு சட்டை மேஜைக்கு வந்தால் முதலில் அதை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்புவார். தோள் தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார். பட்டனைத் திருகுவார். பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் போச்சு, அந்த இடத்தைக் காட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கரோடு சட்டை வந்த வழியே திரும்பிப் போய்விடும். இதில் அதிகம் அடிபட்டவள் காலர். அவள் தைத்த காலர் ஒரு முனை கூராகவும் மறுமுனை மொக்கையாகவும் வரும். பாவம், வேகமான பெண். அந்த வேகம்தான் அவளுக்கு எமன். ஒரு வாரம் ஒழுங்காகப் போகும், மறு வாரம் கட்டுக் கட்டாகத் திரும்பி வரும். அதனால் காலருக்கு அக்காவைக் கண்டாலே ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் அக்கா டப்பாவைத் திறந்தால் அந்த பெஞ்சு தானாகக் காலியாகிவிடும்.

காலரின் அதே வேகம் மைதானத்தில் வேறு விதமாக வேலை செய்தது. தையல் லைனில் வேலை செய்கிற பெண்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் லாரி நிற்கிற இடத்தில் பயிற்சி. ஸ்டோர் அண்ணன்தான் கோச். அக்கா தினமும் பஸ்ஸுக்குப் போகிற சாக்கில் அந்த வழியாக வந்து, வராத பஸ்ஸை எதிர்பார்க்கிறவர் மாதிரி கேட் அருகே நின்று பார்ப்பார். பந்து கோலுக்குள் போனால் கை தட்ட வேண்டும் போலிருக்கும். தட்டினால் யார் என்று திரும்பிப் பார்ப்பார்களே என்று பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஐம்பதை நெருங்குகிற வயதில் பந்தை உதைக்கிற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஆலைகளுக்கு இடையே போட்டி என்று அறிவிப்பு வந்தபோது அணியே குதித்தது. அதில் ஒரு நிபந்தனை: முதலுதவிப் பை இல்லாத அணி மைதானத்தில் இறங்கக் கூடாது. வேனோ சின்ன வேன், பந்துக்கும் பைகளுக்குமே மடிதான் இடம். வாங்குவது கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், எல்லோரும் போட்ட பணம் என்பதால் கொடுத்த காசுக்கு ஏற்ற சரக்காகவும் இருக்க வேண்டும். யார் போய் வாங்குவது என்று ஸ்டோர் அண்ணன் கேட்டதும் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள்.

கேப்டன் பட்டன்தான் வாயைத் திறந்தாள். "சாமான் வாங்க நம்ம செக்கிங் அக்காவ விட்டா ஆள் ஏது? கடைக்காரன் கண்ணுல விரல விட்டு ஆட்டிடுவாங்க."

"வாங்கிக் குடுத்துட்டு நம்மளையும் திருப்பி அனுப்பிடப் போறாங்க," என்றாள் காலர், அக்கா காதில் விழுகிற மாதிரியே.

பட்டன் அவளை முறைத்துவிட்டு அக்காவிடம் வந்தாள். "வேன்ல ஒரு ஆளுக்கு எடம் இருக்குக்கா. பையப் பாத்துக்கறதுக்கு நீங்களே வாங்க. இந்த ஒரு மேட்ச் பாப்போம். சரிப்பட்டு வந்தா அப்புறமும் வாங்க."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "சரி, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, யாரும் இல்லாத கழிவறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துவிட்டு வந்தார்.

அன்று மாலையே மருந்துக் கடை. கடைக்காரர் மூன்று விதம் எடுத்துப் போட்டார். ஒன்று பெரிய பிளாஸ்டிக் பெட்டி. ஆட்டினால் உள்ளே பாதிக்கு மேல் காற்று. இரண்டாவதில் நூறு பொருள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி சின்னப் பிளாஸ்திரி. "ஒவ்வொண்ணையும் ஒரு பொருளா எண்ணினா நானும்தான் என் தலைமுடிய எண்ணி ஆயிரம் பொருள்னு எழுதுவேன்," என்று அக்கா அதை ஒதுக்கினார். மூன்றாவது ஒரு சிவப்புப் பை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அக்கா அதைக் கையில் வாங்கினார், அவ்வளவுதான், ஆள் மாறிப் போனார். ஜிப்பை இழுத்தார், வெண்ணெய் மாதிரி போனது. உள்பக்கத்தைத் திருப்பினார், ஓரமெல்லாம் மடித்து அடித்திருந்தது. வாரைப் பிடித்து இழுத்தார். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பிசிறு இல்லை.

"அக்கா, நீங்க மருந்து வாங்க வந்தீங்களா, துணி எடுக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"வேல தெரிஞ்சவன் தைச்சிருக்கான்," என்றார் அக்கா. பை கைக்கு அடக்கம், விலையும் நியாயம். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டே போனார்.

அவருடைய வீட்டுக்காரர் பெயிண்டர். அன்றைக்குப் பார்த்து, சுவர் சுரண்டுகிற பிளேடு பட்டுக் கட்டைவிரலில் ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். அடிபட்ட புருஷனைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்டாட்டி வேறு எங்கும் இருந்திருக்க மாட்டாள். "உக்காருங்க, உக்காருங்க, அசையாதீங்க!" என்று அக்கா சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

அக்கா இடது கையால் அவர் விரலை அழுத்திப் பிடித்திருந்ததால் ஜிப்பைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டியதாயிற்று. உள்ளே இருந்த பஞ்சுத் துணி தபால்தலை அளவு. பிளாஸ்திரி ஒட்டிய நொடியே சுருண்டு விழுந்தது. டேப்பைச் சுற்றினால் கழன்றது. கத்தரிக்கோல் கட்டுத்துணியை வெட்டாமல் மென்றது. கட்டுத்துணியோ இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் டிவி தெரிந்தது.

வீட்டுக்காரர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பை பிரமாதம். மருந்து எங்க?"

"சும்மா இருங்க."

"இல்ல, ரத்தம் கொட்டற பொண்ணுகிட்ட இந்தத் தையலக் காட்டினா நின்னுடுமான்னு கேட்டேன்."

துவைத்துக் காயவைத்திருந்த பழைய துணி ஒன்றைக் கிழித்து வீட்டுக்காரரே கட்டிக்கொண்டார். அக்காவுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷமாகச் சட்டையைப் பார்க்கிற கண்ணோடு போய் பையைப் பார்த்துவிட்டார். சட்டைக்குள்ளே போகப் போகிற ஆளைச் சோதிப்பது அவர் வேலை இல்லை. ஆனால் பைக்குள்ளே இருப்பதைச் சோதிப்பதற்குத்தானே அவரை அனுப்பினார்கள்! வேனில் இருக்கிற அந்த ஒரு இடம் கைநழுவிப் போகிற மாதிரி இருந்தது.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம்தான். தூக்கம் வராமல் புரண்டபோது அந்த யோசனையும் வந்தது. ஆனால் அடுத்தவள் தப்பை அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற கை, தன் தப்பை மூடி வைத்தால் நன்றாகவா இருக்கும்? மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நேராக அவர்கள் பெஞ்சுக்குப் போய், சிவப்புப் பையை நடுவில் வைத்தார்.

"நான் வாங்கினது ரிஜெக்ட். தையல மட்டும் பாத்து வாங்கிட்டேன். உள்ள இருக்கறது எதுவும் உதவாது."

முதலில் இஸ்திரிக்குச் சிரிப்பு பீறிட்டது; பட்டன் தண்ணீரைத் துப்பிவிட்டாள். காலர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க துணிய மட்டும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பாங்க," என்று டப்பாவை மூடினாள்.

"மேட்ச்சுக்கு முன்னால சரி பண்ணிடுவீங்களா?" என்றாள் பட்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பண்ணாம வேன்ல ஏற மாட்டேன்," என்றார் அக்கா.

பிரித்த பையைக் கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டார். வாங்கச் சொல்லி அக்காவும் கேட்கவில்லை. "பை இருக்கட்டும். உள்ள இருக்க வேண்டியத ஒவ்வொண்ணா எடுங்க," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அந்தக் கடைக்காரர் பட்ட பாட்டை அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். அக்கா குழாயடியில் முழங்கையை நனைத்து, துடைத்து, அதில் ஒவ்வொரு டேப்பாக ஒட்டி உதறிப் பார்த்தார். விளையாடுகிற பெண்ணுக்கு வேர்க்காதா? கத்தரிக்கோலைச் சோதிக்க ஆலையிலிருந்து தடித்த ஜீன்ஸ் துண்டு கொண்டுவந்திருந்தார். நெற்றியை மூடுகிற அளவுக்குப் பெரிய பஞ்சுத் துணி, காயத்தில் ஒட்டாத ரகம், உறை பிரியாமல், தேதி தாண்டாமல். சுருள் கட்டுத்துணி, சுளுக்குக்கு இழுபடுகிற பட்டி, தட்டினால் குளிரும் பொட்டலம், கையுறை, துடைக்கிற ஈரத்துணி. பிளாஸ்திரி ஒரு கைப்பிடி போதும். பழைய உள்சரக்கைக் கொட்டிவிட்டு இதையெல்லாம் அடுக்கினால் அதே பைக்குள் அடங்கியது. ஒரு கை காயத்தின் மேல் இருக்கும் என்பது வீட்டுக்காரர் கட்டைவிரல் கற்றுக் கொடுத்த பாடம். அதனால் முதலில் வேண்டியதை மேலே வைத்து, ஜிப்பில் ஒரு நாடா வளையம் கட்டி, ஒரே கையால் திறந்து பழகினார். சமைத்துக்கொண்டே பழகினார்.

மைதானத்தில் அன்றைக்குக் கூட்டமான கூட்டம். எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் கதவு அளவு இருந்தார்கள். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கிய சூட்டில் காலர் பந்தை இழுத்துக்கொண்டு ஓடி, மூன்று பேரைத் தாண்டி ஒரு கோல் போட்டாள்! அக்கா கோட்டுக்கு வெளியே நின்று குதித்தார். தொண்டை போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஸ்டோர் அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் அதன் பட்டன் ஒன்று தெறித்தது.

அப்புறம்தான் அது நடந்தது. உயரப் பந்துக்கு இரண்டு பேர் எகிற, ஒருத்தியின் முழங்கை காலரின் புருவத்தில் இடித்தது. முகத்தில் பாதி ரத்தத்தில் நனைந்துபோனது. ரெஃப்ரி விசில் ஊதினார். "ரத்தம் நிக்கற வரைக்கும் வெளிய இருக்கணும்." மாற்றாள் கிடையாது. ஆறு பேரோடு ஆட்டம் தொடங்கிவிட்டது.

செருப்பு ஒரு பக்கம் பறக்க அக்கா ஓடினார்.

"ஐயோ, நீங்களா?" என்றாள் காலர்.

"நான்தான். உக்காரு. கண்ண மூடு." பஞ்சுத் துணி புருவத்தில் அழுந்தியது. அதைப் பிடித்திருந்த கை அசையவில்லை; மறு கை வளையத்தை இழுத்தது, ஜிப் திறந்தது, அடுத்த துணி வந்தது.

"நின்னுடுச்சா? எடுத்துப் பாருங்கக்கா!"

"எடுத்து எடுத்துப் பாத்தா நிக்காது. பேசாம இரு."

அந்தப் பக்கம் எதிரணி பந்தோடு பாய்ந்து வந்தது. கூட்டம் எழுந்து நின்றது. இஸ்திரி குறுக்கே விழுந்து முட்டியால் தட்டிவிட்டாள். திரும்ப வந்தது. திரும்பத் தட்டினாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாழ்நாளில் எதற்கும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை: இந்த ரத்தம் நிற்க வேண்டும், இந்தப் பெண் உள்ளே போக வேண்டும்.

நின்றது. துடைத்தார், காயவைத்தார், புதுத் துணி வைத்துத் தலையைச் சுற்றிக் கட்டி டேப் ஒட்டினார். "தல சுத்துதா? குமட்டுதா? இது எத்தன வெரல்?"

"ரெண்டு. எல்லாம் தெளிவாத் தெரியுது. உங்க ஜிப்பு நாடாவுல ஒரு பிசிறு நீட்டிட்டு இருக்கு, அதுவும் தெரியுது."

அக்கா பார்த்தார். இருந்தது. "சரியாத்தான் சொல்ற. சாயந்தரம் டாக்டர்கிட்ட போய்த் தையல் போடணும். இப்ப போ!"

ரெஃப்ரி கட்டின் ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. தலையை ஆட்டினார். காலர் உள்ளே ஓடினாள்.

முடிகிற நேரம். பட்டன் நீளமாக ஒன்று அடித்தாள். தலைக்கட்டோடு ஒரு உருவம் கதவுகளுக்கு நடுவே புகுந்தது தெரிந்தது. அடுத்து வலை குலுங்கியது தெரிந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அக்காவுக்கே தெரியாது. கோடாவது, விதியாவது! இடுப்பில் சிவப்புப் பை துள்ள, வெறுங்காலோடு, கையிரண்டையும் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்தார்.

விசில் காதைக் கிழித்தது. ரெஃப்ரி எதிரே வந்து நின்றார். "யாரும்மா நீங்க? நான் கூப்பிடாம உள்ள வரக் கூடாதுன்னு தெரியாது? யாருக்கு அடிபட்டுச்சு?"

அக்கா அப்படியே நின்றுவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. யார் என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் அணியில் இல்லை. லைனிலும் தனி மேஜை. இந்த ஒரு மேட்ச் பார்ப்போம் என்று கூட்டி வந்த ஆள். வாயைத் திறந்தார், போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அந்தக் கோடியிலிருந்து, கட்டு பாதி கண்ணை மறைக்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு காலர் கத்தினாள்.

"எங்க ஆளு சார் அவங்க! எங்க ஆளு!"