அமலராணி அக்காவின் இடது கை

கழுத்தில் அடையாள அட்டை தொங்க யார் எங்கள் முடிச்சூர் தெருவுக்குள் நுழைந்தாலும், அமலராணி அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு இடது கையை நீட்டிவிடுவார். "சுகரா, பிரஷரா?" போன வாரம் கூரியர்காரர் மிரண்டுபோய் அந்தக் கையில் பார்சலை வைத்துவிட்டு ஓடினார்.

ஆராய்ச்சி என்று கிளம்புகிற எவரும் அக்கா வீட்டைத் தாண்டிப் போனதில்லை. மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ரத்தம் எடுத்தார்கள். சமூகப்பணி படிப்பவர்கள், வெள்ளத்தில் முதலில் எது மிதந்தது என்று கேட்டார்கள். ("புருசன்தான். கட்டிலோட.") வேளாண்மைக்காரர்கள் மொட்டைமாடிக் கத்திரிச் செடியைப் புழுவோடு சேர்த்து அளந்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள், அவர்கள் பாஷை மட்டும் அக்காவிடம் தங்கிவிட்டது. ஜாக்கெட் சரியாக இருக்கிறது என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. "முழுசா ஒத்துக்கறியா, ஓரளவுக்கா?" காபி வேண்டுமா என்று நான் கேட்டால், "ஒத்துக்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல" என்றபடி டம்ளரை வாங்கிக்கொள்வார்.

மிதந்த கணவர் லாசரஸுக்கு மறைமலை நகரில் வேலை. அதிகம் பேசாதவர். வீட்டில் அவர் கேட்பது இரண்டே: சாவி எங்கே, சோறு ஆச்சா.

சனிக்கிழமை சினேகா என்ற ஆய்வு மாணவி டேப்லெட்டோடு வந்தாள். உடல்நலம், குடும்பம், வீட்டுத்தோட்டம், மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆய்வு! அக்காவுக்கு முகமெல்லாம் பல். ஆனால் டேப்லெட் குலுக்கிப் போட்டு எடுத்தது பக்கத்து வீட்டை. அதாவது, மெல்போர்னிலிருந்து லீவில் வந்திருக்கும் என்னை.

"நான் சொல்றது விசா ஆபீசுக்குப் போகுமா?" என்று மூன்றாவது முறையாக நான் கேட்டுக்கொண்டிருந்தபோது மதில்மேல் அக்காவின் தலை முளைத்தது.

"எங்க வூட்டப் போடும்மா. செடி கீது, சுகர் கீது, புருசன்கூட கீறாரு. இதுகிட்ட இன்னா கீது? ஒரு சூட்கேஸ்!"

"டேப்லெட் சொல்ற வீடுதான் ஆன்ட்டி. மாத்துனா கைடு திட்டுவாங்க."

அக்கா முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த நிமிடம், கழுத்தில் இஞ்சு டேப்போடு என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து நல்லா தூங்குனீங்களா?" என்று சினேகா தொடங்கினாள். நான் விமானம், நேர வித்தியாசம், ஃபேன் சத்தம் என்று விளக்கப் புகுந்தேன்.

"அஞ்சுக்கு மூணு போடும்மா. சுமார்."

"ஆன்ட்டி, நீங்க சொல்லக் கூடாது."

அக்கா இரண்டு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டார். நான் கொசுவுக்கு வந்தபோது பொறுக்க முடியாமல் எடுத்துவிட்டார்.

"எவ்ளோ நல்ல கேள்வி, இப்படி வேஸ்ட் பண்றியே தங்கச்சி! எங்க வூட்ல யாருனா என்னைக் கேட்டுக்கீறாங்களா, நல்லா தூங்குனியான்னு? இந்தப் புள்ளைங்க வந்தாதான் உண்டு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சினேகா சிரிக்கவில்லை, வாசலைப் பார்த்தாள். ஷிஃப்ட் முடிந்து சாவி கேட்டு வந்த லாசரஸ் அங்கே நின்றிருந்தார். கம்பெனி அட்டையைக் கழற்றக்கூட இல்லை. தொண்டையைச் செருமினார். சாவியைக் கேட்கவில்லை.

"ராணி... நேத்து நல்லா தூங்குனியா?"

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் ஆடிய அட்டையைப் பார்த்தார். குண்டூசிகளை முந்தானையில் குத்திவிட்டு, இடது கையை நீட்டினார்.