அம்சத்தின் மணிக்கட்டு

என் தங்கை அம்சம் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கூலி நெல்லை முத்திரை போட்ட மரக்காலில்தான் அளக்க வேண்டும் என்று களத்தில் உட்கார்ந்து வென்றாள். நடவின் நடுவே மழை பிடித்துக் கரையேறினாலும் அரைக் கூலி உண்டு என்று ஆக்கினாள். பிள்ளை பெற்று எழுந்தவளுக்கு நடவு வரிசையில் அவள் இடம் காத்திருக்க வேண்டும் என்பதையும் வாங்கித் தந்தாள். கடைசியாகத் தன் வலது மணிக்கட்டை வென்றாள். எல்லாவற்றிலும் கடினம் அதுதான்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பெண்களுக்காகக் கூலி பேசுகிறவள் அம்சம். 1980-இல் ஒப்பந்தத்தில் அவள் பெருவிரலை மையில் ஒற்றியபோது மிராசுதார் ஒருவர், "ரேகை வைக்கிற கைக்கு நாக்கு மட்டும் நீளம்" என்றார். அறையே சிரித்தது. அன்று மாலையே சங்கக் கொட்டகையில் எழுத்துப் பழகப் போனாள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துத்தான் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தாள்.

அடுத்த தை மாதம் கூலித் தகராறு முற்றி, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுக்க விட்டார்கள். குறுக்கே நின்றவளின் மேல்கையில் தடி விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு மட்டும் தொங்கிப்போனது. நரம்பு அடிபட்டிருக்கிறது, அறுந்துபோகவில்லை என்றார்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்.

அங்கே பயிற்சி கொடுக்கும் சாவித்திரி அம்மாள், அவள் கையில் ஈரப் பஞ்சை வைத்துக் கட்டி ஒரு கரண்டுப் பெட்டியின் குமிழைத் திருகினார். தொங்கிய கை தானாக எழுந்தது.

"அண்ணே, பாருண்ணே! நான் சும்மா உக்காந்திருக்கேன், வேலை நடக்குது. மிராசுதாருங்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல."

சாவித்திரி அம்மாளும் சிரித்துவிட்டார். பிறகு, வீட்டில் மனசு வைத்து மணிக்கட்டைத் தூக்கிப் பழக வேண்டும், அசையாவிட்டாலும் விடக்கூடாது என்று செய்து காட்டினார்.

அம்சம் செய்யவில்லை. "அதான் கரண்டு செய்யுதே" என்பாள். ஆஸ்பத்திரி நாளில் விடியுமுன்னே பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்பாள். மற்ற நாளில் இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் வாய்க்காலுக்குமாக நடப்பாள். கால்தான் ஓயாது, கை துண்டில் கட்டிக் கிடக்கும். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு அவள் இல்லாமலே தொடங்கியது. அறுப்புக்கு முன் ஒப்பந்தம் வந்துவிடும்.

வரிசையில் அவளுக்கு அடுத்து நிற்கும் ரெங்கம்மாள் சொன்னாள்: "பேசாம கையெழுத்தை இடது கையால போட்டுடேன்டி."

"பீச்சாங்கையாலயா? அதுக்கும் சிரிப்பானுங்க."

அடுத்த தடவை போனபோது, "டாக்டரம்மா, கரண்டைக் கூட்டி வைங்க. நாள் நெருங்குது" என்று அவசரப்படுத்தினாள்.

சாவித்திரி அம்மாள் குமிழைத் திருகினார். கை எழுந்தது. "இப்ப நீங்களே நிறுத்தி வைங்க பாப்போம்" என்று பெட்டியை அணைத்தார். கை பொத்தென்று விழுந்தது.

"சதை சூம்பாம இது பாத்துக்கும். நரம்பு திரும்புறவரைக்கும் அதுவும் வேணும்தான். ஆனா உங்களுக்குப் பதிலா இது தூக்காதும்மா. நீங்கதான் தூக்கணும்."

பஸ் மன்னார்குடி தாண்டியதும் அம்சம் சொன்னாள்: "லாரியில வந்த ஆளுங்க மாதிரிண்ணே அந்தக் கரண்டு. லாரி போனா அவங்களும் போயிடுவாங்க. அடுத்த போகத்துக்கு வயல்ல நாமதான் நிக்கணும்."

மறுநாளே துண்டை அவிழ்த்துவிட்டு நடவு வரிசையின் கடைசியில் இறங்கினாள். நாற்றுக் கட்டான முடியை ரெங்கம்மாள் பிடித்துக்கொள்ள, அம்சம் ஒவ்வொரு நாற்றையும் சேற்றில் ஊன்றிவிட்டு, இடது கையால் தாங்கி மணிக்கட்டைத் தூக்கினாள். வரிசை அவளை விட்டு வெகுதூரம் போய்விட்டது.

"ஏன்டி, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால நிக்கிற மாதிரி நாணிக்கிட்டு நடுறே?"

"வாயை மூடிக்கிட்டு முடியை நீட்டுடி."

தஞ்சாவூருக்குப் போவதையும் நிறுத்தவில்லை. ஆடியில் ஒரு நாள், இடது கை தாங்காமலே மணிக்கட்டு சேற்றிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தது. அவள் கையைக் கீழே போட்டாள். மறுபடி தூக்கினாள். மறுபடியும்.

தாலுகா ஆபீசில் ஒப்பந்தம் எழுதி முடிந்ததும், குமாஸ்தா பழக்கத்தில் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். மணிக்கட்டு நடுங்கியது, விழவில்லை. அந்த மிராசுதாரும் அங்கே இருந்தார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்வரை அறையில் யாரும் சிரிக்கவில்லை. அன்று 1981 செப்டம்பர் 10, வியாழக்கிழமை.