கப்பல் பேருந்துகளும் ஒரு மோர்ப் பானையும்

போன மார்கழியில், செஞ்சிக் கோட்டை வாசலில் நடந்தது இது. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க இரண்டு மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டும். ஆனாலும் எங்கள் ஊருக்குக் கப்பல் வருகிறது. புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உல்லாசக் கப்பல் நிற்கும். அதில் வந்தவர்களைப் பதினைந்து, இருபது சொகுசுப் பேருந்துகளில் ஏற்றி, ஒரே நேரத்தில் கோட்டையில் இறக்குவார்கள். மாலைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டுமாம். கோட்டையின் உச்சியான ராஜகிரி மலை ஏற யாருக்கும் நேரமில்லை. அடிவாரத்திலேயே இருக்கும் பழைய கல்யாண மகால் கோபுரத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கூடவே வந்துவிடும். ஊருக்கு மிஞ்சுவது காலிப் பொட்டலங்களும், திருவண்ணாமலை சாலைவரை அடைத்து நிற்கும் வண்டிகளும்தான். ஒருநாள் பிரசவ வலியோடு வந்த ஒரு பெண்ணின் ஆட்டோ அதில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டது.

இனிச் சும்மா இருப்பதில்லை என்று முடிவு செய்தேன். காலமெல்லாம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு: யாரையும் குறிப்பிடாமல் பொதுவாக எழுதினால்தான் காகிதம் நகரும். அதனால் கப்பல், பேருந்து என்ற சொற்களே வராமல், "நுழைவாயிலில் போக்குவரத்துக்கு இடையூறாக உள்ள அனைத்தையும் அப்புறப்படுத்த வேண்டும்" என்று எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தேன். என் வாக்கியத்தை நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன்.

பத்தே நாளில் நடவடிக்கை. அந்த வேகமே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால், வாசலில் கடை போட்டிருந்த ஏழெட்டுப் பேரையும் காணோம். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மேலும் இரண்டு பேருந்துகள் வசதியாக நின்றன. பக்கத்து வல்லத்திலிருந்து தினமும் வந்து மோரும் வெள்ளரிப்பிஞ்சும் விற்கும் அம்மா, சாலைக்கு எதிர்ப்பக்கம் வெயிலில் பானையோடு உட்கார்ந்திருந்தார். மனு என்னுடையது என்று அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா சார், மனு உங்களுதாமே? அம்மாம் பெரிய பஸ்ஸெல்லாம் எடையூறு இல்லியாம். என் மோர்ப் பானதான் எடையூறாம்."

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. பேரூராட்சி கொடுத்த சாலையோர வியாபாரி அட்டையை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். "இத வெச்சிக்கினுதான் பத்து வருசமா குந்திக்கினு இருக்கேன். இத ஒரு வார்த்த எழுதினீங்களா?"

எழுதவில்லை. எல்லா விதியும் தெரிந்த எனக்கு அந்த அட்டையின் நினைப்பே வரவில்லை.

அலுவலகத்தில் கேட்டதற்கு, "நீங்க கேட்டதத்தான் சார் செஞ்சோம்" என்றார்கள். உண்மைதான். பேருந்துகளிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. பானையை எடுத்து வைக்கச் சொல்வதுதான் சுலபம்.

அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை கப்பலைக் கப்பல் என்றே எழுதினேன். பேருந்துகள் ஊருக்கு வெளியே நிற்கட்டும், ஆட்கள் சிறு சிறு குழுவாக வரட்டும், அட்டை உள்ளவர்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பட்டும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டேன். ஏழு திங்கட்கிழமைகள் போனோம். "இன்னிக்கும் கையெழுத்து ஆவலன்னா இந்த ஆபீஸ் வாசல்லயே மோர் விக்கப் போறேன்" என்று ஒருநாள் அந்த அம்மா அதிகாரியிடமே சொல்லிவிட்டார். கடைகள் திரும்பிவிட்டன. பேருந்துகள் மட்டும் இன்னும் நகரவில்லை. நாங்கள் போவதையும் நிறுத்தவில்லை.

இப்போதெல்லாம் மனு எழுதி முடித்ததும், இதைக் காட்டி முதலில் யாரை இடத்தைவிட்டு எழுப்பி விடுவார்கள் என்று யோசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.