அக்கா காத்திருந்த அக்டோபர்

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டில் நேரே உள்ளே நுழைந்துவிட முடியாது. அக்கா கை நிறைய உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துவந்து, கேட்டிலேயே மூன்று முறை சுற்றிப்போட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றலாம். சீனாவில் கார் கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்த நாளிலிருந்து, ஒவ்வொரு விடுமுறைக்கும் அப்படித்தான் நான் வீட்டுக்குள் போயிருக்கிறேன். இந்தச் சீனப் புத்தாண்டுப் பெருநாள் விடுமுறைக்கு ஜெலாப்பாங்கில் இருக்கும் எங்கள் வீட்டின் முன் வந்து இறங்கி, வெயிலில் பெட்டிகளோடு நின்றேன். அக்கா வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்னக்கா, மகாராணியாட்டம் உக்காந்துக்கிட்டு இருக்கியா? வெயில்ல நிக்கிறேன்லா, எழுந்து வா!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன்.

என் மகள்தான் ஓடிவந்து கேட்டைத் திறந்தாள். உப்பும் மிளகாயும் அவள் கையில் இருந்தன. "அத்தையால வர முடியாதுப்பா," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று தெரியாமல் சுற்றினாள்.

கூடத்தில் அக்கா சக்கர நாற்காலியில் இருந்தாள். சாரோங் கைலிக்குக் கீழே ஒரு பாதம்தான் தெரிந்தது. வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. "வாடா, கறுத்துப் போயிட்டியே," என்றாள். நான் வாசலில் கத்தியது அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும். இப்போதும் அது என் காதில் கேட்கிறது.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா இறந்தபோது எனக்கு மூன்று வயது. பால்மரம் வெட்டப் போகுமுன் என்னைத் தூக்கிக்கொண்டுபோய், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டவள் அவள். பிறகு என் மனைவி இறந்தபோது, என் மகளையும் அவளே தூக்கிக்கொண்டாள். இதையெல்லாம் நன்றியோடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்வது சுலபம்.

சென்ற ஆண்டு தைப்பூசத்தின்போது நான் ஊரில் இருந்தேன். என் வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதற்காக அக்கா பால்குடம் எடுத்தாள். வெயில் ஏறியதும் தார்ச்சாலை கொதித்தது. அவளுக்குப் பல வருடமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. பாதத்தில் சூடு உறைக்காது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் செருப்புப் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. வேண்டுதலுக்கு யாராவது செருப்போடு நடப்பார்களா? நானும் அப்படி வளர்ந்தவன்தான். பக்கத்தில் நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் வலது உள்ளங்காலில் பெரிய கொப்புளம். "தோட்டத்துல அட்டை கடிக்காத இடமில்ல, இதெல்லாம் ஒரு காயமா," என்று சிரித்தாள். நான் பொறுப்பான தம்பியாக, "அக்டோபர் லீவுல வாரேன்க்கா. நானே நல்ல ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கூட்டிப் போறேன். அதுவரைக்கும் மருந்து போடு," என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

அக்டோபரில் தொழிற்சாலையில் புது மாடல் வேலை தொடங்கியது. விடுப்புக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் மேலாளரின் கண்ணில் பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வாரம் இரண்டு முறை வீடியோவில் பேசுவோம். போனைப் பிடித்துக்கொள்வது அக்கா. படத்தில் தெரிவது மகள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் படிக்கும் பிள்ளை, என்ன ஆகப்போகிறாளோ என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. அதனால் கேட்பதெல்லாம் அவள் படிப்பைப் பற்றித்தான். கடைசியில், "நல்லாருக்கியாக்கா?" என்பேன். "இருக்கேன்லா" என்று போனுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். எனக்கு அது போதுமாக இருந்தது. நவம்பரில் மகளின் மதிப்பெண் சரிந்தது. "படிக்கிறதை விட்டா உனக்கு வீட்ல வேற என்ன வேலை?" என்று கால் மணி நேரம் திட்டினேன். அவள் போனைப் பிடித்திருந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் அசையவே இல்லை.

அதற்குப் பத்து நாள் முன்புதான் அக்காவின் காலை எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் பதினெட்டு வயதான என் மகள். எனக்குத் தெரியக்கூடாது என்று அக்கா அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். "தம்பி வந்து கூட்டிப் போறேன்னு சொல்லியிருக்கு" என்றாளாம் அக்கா. மகள் இதை என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

பன்னிரண்டு நாள் விடுமுறையில் ஒருமுறைகூட அக்கா அந்தக் காலை எனக்குக் காட்டவில்லை. கட்டு மாற்றுவதெல்லாம் மகள்தான். கடைசி நாள் மகள் பள்ளியிலிருந்து வரத் தாமதமானது, கட்டு நனைந்திருந்தது. வேறு வழியில்லாமல் அக்கா சாரோங்கை விலக்கினாள். நான் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். மூன்று மாதமாகியும் ஆறாமல் தையலின் ஓரம் இன்னும் சிவந்திருந்தது. நான் சுற்றிய கட்டு இரண்டு முறை நழுவி அவிழ்ந்தது.

"என்னடா, கார் கதவையும் இப்படித்தான் மாட்டுறியா? சீனாக்காரன் பாவம்லா," என்றாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "அக்டோபர்ல கண்டிப்பா வந்துருவேன்க்கா."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "வா, வா. இந்தக் கால்லயும் ரெண்டு வெரல் மரத்துப்போன மாதிரி இருக்கு. நீ வந்ததும் காட்டலாம்."

"தேதி சொல்லாதீங்கப்பா."

மகள் பள்ளிச் சீருடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீங்க சொன்னா அத்தை காத்துக்கிட்டு இருப்பாங்க. நாளைக்கே நான் கூட்டிப் போறேன்."

"அப்பாகிட்ட பேசுற பேச்சா இது?" என்று அக்கா அவளை அதட்டினாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையிலிருந்த கட்டுத்துணியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை வீட்டுக்கு முன்னால் இரண்டு டாக்சிகள் நின்றன. ஒன்று ஆஸ்பத்திரிக்கு. மகளும் நானுமாக அக்காவைத் தூக்கி அதில் உட்காரவைத்தோம். விமான நிலையத்துக்குப் போகும் மற்றதில் நான் ஏறிக்கொண்டேன்.